கிட்டத்து ஓட்டமும் பற்றறியின் ஆயுளும்



இந்த மாதம் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு பேசுவோம். வன்னியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். காலையில் இடியப்பமும் மத்தியானம் சோற்றுப் பார்சலும் செய்து, பழைய சிறிய கார் ஒன்றில் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட்டமில்லை. 24 மாத உத்தரவாதத்துடன் வாங்கிய பற்றறி 14ஆம் மாதத்தில் செத்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோனால், "இது தொழிலுக்கு ஓடுகிற வாகனம், உத்தரவாதம் செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாதர் சங்கத்தில் கடன் எடுத்துப் புதியது வாங்கியிருக்கிறார். அந்த ஒரு கிழமையும் பார்சல் போகவில்லை, இரண்டு கடைகள் வேறு ஆளிடம் எடுக்கத் தொடங்கிவிட்டன.

அவர் இரண்டு கேள்விகள் கேட்கிறார். "குறைய ஓடினால் பற்றறி கூடக் காலம் இருக்க வேண்டாமா? எனக்கு ஏன் இப்படி நடந்தது?" இது முதலாவது. "கடைக்காரர் சொன்னது சரியா? நான் என்ன செய்யலாம்?" இது இரண்டாவது.

நல்ல கேள்விகள். கார், ஓட்டோ, ஸ்கூட்டி என்று வாகனத்தை நம்பிப் பிழைக்கும் எல்லோருக்கும் இதில் பயன் உண்டு.

பற்றறியைப் பற்றி எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை என்றும் சிலர் நினைப்பீர்கள். 1990களில் வடக்கில் மின்சாரம் இல்லாத, ரோச் பற்றறிகூடத் தடைப்பட்டியலில் இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். கார் பற்றறியை சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் ஜெனரேற்றர் உள்ள கடையில் சார்ஜ் போட்டு வந்ததும் நினைவிருக்கும். அந்த அனுபவத்தோடு இன்னும் சில விடயங்களைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

குறைய ஓடினால் ஏன் கெதியாகச் சாகிறது?

கார் பற்றறிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகளும் கந்தக அமிலம் கலந்த நீரும் உண்டு. ஒவ்வொரு அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ற்று தரும். ஆறும் சேர்ந்து 12.6 வோல்ற்று. இதைத்தான் 12 வோல்ற்றுப் பற்றறி என்கிறோம்.

மின்சாரம் வெளியே போகும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேற் என்ற படிவு உண்டாகிறது. திரும்பச் சார்ஜ் ஏறும்போது அந்தப் படிவு கரைந்து பழைய நிலைக்கு வருகிறது. உடனுக்குடன் முழுமையாகச் சார்ஜ் ஏறினால் பிரச்சினை இல்லை. நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் அரைகுறைச் சார்ஜிலேயே இருந்தால் அந்தப் படிவு கட்டியாக இறுகிவிடும். இறுகியது பிறகு எளிதில் கரையாது. சட்டியின் அடிப்பிடித்ததை உடனே தேய்த்தால் போகும், இரண்டு நாள் விட்டால் போகாது என்பதைப் போலத்தான். இறுகிய இடம் வேலை செய்யாத இடம். பற்றறியின் கொள்ளளவு சுருங்கிக்கொண்டே போகும்.

கிட்டத்து ஓட்டத்தில் நடப்பது இதுதான். ஒரு சிறிய காரை ஸ்ரார்ட் எடுக்க 100 முதல் 200 அம்பியர் வரை இரண்டு மூன்று செக்கனுக்குப் போகும். ஒரு முறை எடுப்பது பெரிய செலவு அல்ல. நல்ல நிலையில் உள்ள வாகனம் சில நிமிடம் ஓடினால் அது திரும்பி வந்துவிடும். ஆனால் எங்கள் சகோதரி ஒரு காலையில் ஆறு, ஏழு இடத்தில் நிற்பாட்டி எடுக்கிறார். இடையில் ஒரு கிலோமீற்றர் ஓட்டம். நிற்கும்போது பின்கதவு திறந்திருக்கும், உள்லைற் எரியும், வானொலி பாடும். ஓடும்போது ஏசியோ காற்றாடியோ வேலை செய்யும். மழைக்காலம் என்றால் வைப்பரும் முன்லைற்றும் சேரும். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தருகிற அல்ரனேற்றர், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது குறைவாகத்தான் தரும். தருவதில் பெரும்பகுதியை லைற்றும் ஏசியும் எடுத்துக்கொண்டால் பற்றறிக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

இன்னொன்று: பற்றறி தொடக்கத்தில் வேகமாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், கடைசி ஐந்திலொரு பங்கை மெல்ல மெல்லத்தான் ஏற்றும். அதற்கு மணிக்கணக்கு வேண்டும். பத்து நிமிட ஓட்டத்தில் அந்தக் கடைசிப் பங்கு ஒருநாளும் நிரம்புவதில்லை.

வாகனம் சும்மா நிற்கும்போதும் செலவு இருக்கிறது. மணிக்கூடு, அலாரம், கணினிப் பெட்டி எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி அம்பியர் இழுக்கலாம். 50 மில்லி அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர்-மணி. சிறிய காரின் பற்றறி 35 அம்பியர்-மணி என்று வைத்தால், ஒரு மாதம் நின்றாலே ஏறக்குறைய முழுவதும் வற்றிவிடும். 2022இல் பெற்றோல் இல்லாமல் வாகனங்கள் கிழமைக்கணக்கில் முற்றத்தில் நின்றபோது எத்தனை பேரின் பற்றறி போனது என்று நினைத்துப் பாருங்கள். ஓடித் தேய்ந்து போகவில்லை, நின்றுதான் போனது.

இதற்கு மேல் வெயில். வெப்பம் கூடக்கூட உள்ளே தகடுகள் அரிப்பதும் நீர் குறைவதும் வேகமாகும். குளிர்நாட்டில் ஐந்து ஆறு ஆண்டு இருக்கும் பற்றறி எங்கள் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுதான் இருக்கும். நன்றாகப் பார்த்தால் நான்கு ஆண்டும் வரலாம். நிழலில் விடுவது ஒரு சிறிய காரியம், ஆனால் பலன் உண்டு.

ஆக, முதலாவது கேள்விக்கு விடை: சகோதரி வாகனத்தைக் கெடுக்கவில்லை. அவரது தொழில் ஓடுகிற விதம் பற்றறிக்குக் கடினமானது. அதைத் தெரிந்து நடந்தால் ஆயுளைக் கூட்டலாம்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

1. ஸ்ரார்ட் எடுக்குமுன் ஏசி, லைற், வானொலி, காற்றாடி எல்லாவற்றையும் நிற்பாட்டுங்கள். எஞ்சினை நிற்பாட்டுவதற்கு முன்பும் அப்படியே.

2. ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் வேலை முடியும் இடத்தில், உங்கள் கண் முன்னே வாகனம் இருந்தால் மட்டும், எஞ்சினை ஓடவிடலாம். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதோ சந்தை வாசலிலோ திறப்பைப் போட்டபடி இறங்காதீர்கள்.

3. பயணங்களைச் சேருங்கள். காலையில் கடைக்கு ஒருமுறை, பத்து மணிக்கு வங்கிக்கு ஒருமுறை என்று போவதை ஒரே சுற்றாக ஆக்கினால் பெற்றோலும் மிச்சம், பற்றறிக்கும் நீண்ட ஓட்டம் கிடைக்கும்.

4. கிழமைக்கு ஒரு நாளாவது அரை மணி, முக்கால் மணி நேரம் ஒரே ஓட்டமாக ஓடக்கூடியதாகத் திட்டமிடுங்கள். இதற்காக வீணாக ஓடத் தேவையில்லை. மரக்கறியோ மாவோ மொத்தமாக வாங்கப் பட்டணம் போகும் நாளை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

5. முற்றத்தில் நிற்கவைத்து எஞ்சினைப் பத்து நிமிடம் உறுமவிட்டால் சார்ஜ் ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். ஏறுவது மிகக் கொஞ்சம். பெற்றோல் காசுதான் போகும்.

6. இரண்டு கிழமைக்கு மேல் வாகனம் நிற்கப்போகிறதென்றால் பற்றறியின் மறை முனையைக் கழற்றி வையுங்கள். மறை முனை என்பது கழித்தல் குறி போட்டது, பெரும்பாலும் கறுப்பு வயர். கழற்றினால் மணிக்கூடும் வானொலி அலைவரிசையும் அழிந்துபோகும், வேறு சேதமில்லை. சில வானொலிகள் திரும்பக் குறியீட்டு இலக்கம் கேட்கும், அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

7. இரவில் வீட்டு விளக்குக்கும் கைத்தொலைபேசிக்கும் கார் பற்றறியிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். கார் பற்றறி ஒரே மூச்சில் பெரிய வலுவைக் கொடுக்கச் செய்யப்பட்டது. மெல்ல மெல்ல வற்ற எடுத்தால் சில பத்துத் தடவைக்கு மேல் தாங்காது. சூரிய ஒளித் தொகுதிக்குப் பயன்படுத்துவது வேறு வகைப் பற்றறி.

கொஞ்சம் செலவு செய்ய முடியுமென்றால், வீட்டு மின்சாரத்தில் போடும் தானியங்கிச் சார்ஜர் ஒன்று வாங்கி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரவு முழுவதும் போடுவது கிட்டத்து ஓட்டக்காரருக்கு மிக நல்ல மருந்து. தனியே வாங்க முடியாவிட்டால் ஐந்தாறு பேர் சேர்ந்து, அல்லது உங்கள் சங்கத்தின் பெயரில், ஒன்று வாங்கி மாறிமாறிப் பயன்படுத்தலாம். சார்ஜ் போடும்போது காற்றோட்டமான இடம் வேண்டும். ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

பற்றறிதான் பழுதா என்று முதலில் பாருங்கள்

ஸ்ரார்ட் வரவில்லை என்றதும் "பற்றறி மாத்த வேணும் அக்கா" என்று கராச்சில் சொல்வார்கள். பல நேரம் அது சரியாக இருக்கும். சில நேரம் பழுது அல்ரனேற்றரில், அதன் பெல்ற்றில், அல்லது எங்கோ ஒழுகும் வயரில் இருக்கும். அப்படியிருக்கப் புதுப் பற்றறி போட்டால் அதுவும் சில மாதத்தில் போய்விடும். அதற்கு உத்தரவாதமும் கிடைக்காது.

மல்டிமீற்றர் என்ற அளக்கும் கருவி மின்சாமான் கடைகளில் கிடைக்கும். விலையும் பெரிதல்ல. பாவிக்கப் பத்து நிமிடத்தில் பழகலாம். மூன்று இலக்கங்களை நினைவில் வைத்தால் போதும்.

இரவு முழுவதும் நின்ற வாகனத்தில், காலையில் திறப்பைப் போடுமுன் அளவுங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் அரை. 12.0 என்றால் கால்தான். 12.4க்குக் கீழே அடிக்கடி வந்தால் சார்ஜ் போட வேண்டும்.

ஸ்ரார்ட் எடுக்கும் அந்த இரண்டு செக்கனில் பாருங்கள். நிறைந்த பற்றறி 10க்குக் கீழே விழுந்தால் அது களைத்துவிட்டது.

எஞ்சின் ஓடும்போது பாருங்கள். பெரும்பாலான வாகனங்களில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 13க்குக் கீழே நின்றால் அல்ரனேற்றர் பக்கம் பழுது. 15ஐத் தாண்டினால் அளவுக்கு மேல் ஏறிப் பற்றறி கொதிக்கிறது. இரண்டையும் பற்றறி மாற்றுமுன் திருத்த வேண்டும்.

இந்த அளவுகளை மாதம் ஒருமுறை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். உத்தரவாதம் கேட்கப்போகும் நாளில் இந்தக் கொப்பி உங்களுக்காகப் பேசும்.

கருவி இல்லாதவர்களும் கவனிக்கலாம். ஸ்ரார்ட் எடுக்கும் சத்தம் இழுபட்டு வருவது, முன்லைற் மங்குவது, டிக் டிக் என்று மட்டும் கேட்பது, பற்றறியின் பக்கம் வீங்கியிருப்பது, கூழ்முட்டை மணம் வருவது எல்லாம் எச்சரிக்கைகள். வீக்கமும் மணமும் கண்டால் அந்தப் பற்றறியைச் சார்ஜ் போட முயல வேண்டாம்.

முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி படிந்தாலும் ஸ்ரார்ட் வராது. மறை முனையை முதலில் கழற்றி, அப்பச்சோடா கரைத்த இளஞ்சூட்டு நீரால் பழைய பற்தூரிகை கொண்டு தேய்த்து, துடைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசினால் சரி. பூட்டும்போது மறை முனை கடைசி. பற்றறி ஆடாமல் தாங்கிக் கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் கிரவல் ரோட்டுக் குலுக்கலில் ஆடும் பற்றறியின் தகடுகள் உதிர்ந்துவிடும்.

மேலே மூடிகள் உள்ள பற்றறி என்றால் மாதம் ஒருமுறை நீர்மட்டம் பாருங்கள். தகடு தெரியக்கூடாது. குறைந்தால் பற்றறிக்கென விற்கும் வடித்த நீரை மட்டும் விடுங்கள். கிணற்று நீர் வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் கல்சியம் அதிகம், கேத்திலின் அடியில் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கரையோரக் கிணறுகளில் உப்பும் சேரும். இரண்டும் தகட்டைக் கெடுக்கும். அமிலமும் விடக்கூடாது, குறைவது நீர்தான். மூடிகளைக் கழற்ற முடியாத அடைத்த வகையைத் திறக்க முயலவே வேண்டாம்.

புதியது வாங்கும்போது

பழையதில் எழுதியிருக்கும் குறியீட்டை எழுதிக்கொண்டு போங்கள். ஜப்பானிய முறையில் 34பி19எல் என்பதுபோல் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வலுவைக் குறிக்கும். நடு எழுத்து அகல உயரத்தின் வகை. 19 என்பது ஏறக்குறைய எத்தனை சென்ரிமீற்றர் நீளம் என்பது. கடைசி எழுத்து முனை எந்தப் பக்கம் என்பது. கடைசி எழுத்து மாறினால் வயர் எட்டாது. அளவு சின்னது, விலை குறைவு என்று வாங்கினால் ஆயுளும் குறைவு. சந்தியில் நின்றால் எஞ்சின் தானாக நின்று எடுக்கும் வகைக் கார்களுக்குத் தனிவகைப் பற்றறி உண்டு. சாதாரணமானதைப் போட்டால் கெதியில் போய்விடும்.

செய்த திகதியைக் கேளுங்கள். கடை அலுமாரியில் இருக்கும்போதும் பற்றறி மெல்ல வற்றும். ஆறு மாதத்துக்கு மேல் கிடந்ததைத் தவிருங்கள். பூட்டுமுன் வோல்ற்று அளந்து காட்டச் சொல்லுங்கள். 12.4க்குக் குறைந்தால் சார்ஜ் போட்டுத்தரக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், காசு உங்களுடையது.

பழைய பற்றறிக்குள் இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு. புதியதின் விலையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று இரண்டு மூன்று கடையில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உத்தரவாதம் என்றால் என்ன?

உத்தரவாதம் என்பது உற்பத்திக் குறைக்குத்தான். 24 மாதம் என்று எழுதினால் 24 மாதம் கட்டாயம் ஓடும் என்று பொருளல்ல. செய்ததில் பிழை இருந்து அதற்குள் கெட்டால் பொறுப்பெடுப்போம் என்றுதான் பொருள். அதனால் நீங்கள் கொண்டுபோனதும் முதலில் சார்ஜ் போட்டுப் பார்ப்பார்கள். சார்ஜ் ஏறி நன்றாக வேலை செய்தால் திருப்பித் தந்துவிடுவார்கள். சும்மா வற்றிப்போனது உத்தரவாதத்துக்குள் வராது. கிட்டத்து ஓட்டக்காரருக்கு இங்குதான் சிக்கல் வரும். மாதக்கணக்கில் அரைகுறைச் சார்ஜில் இருந்து இறுகிய பற்றறியை "பாவனைப் பிழை" என்று சொல்லிவிடலாம். கொப்பியில் எழுதிய அளவுகள் அப்போது உதவும்.

வாங்குமுன் கடைக்காரரிடம் ஐந்து விடயம் கேளுங்கள். அட்டை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள்.

ஒன்று, எத்தனை மாதத்துக்கு முழுதாக மாற்றித் தருவீர்கள், எத்தனை மாதத்துக்கு விலையில் ஒரு பங்குதான் கழிப்பீர்கள்? உதாரணமாக 24,000 ரூபாப் பற்றறி, 24 மாதம், விகிதப்படி கழிவு என்று வைப்போம். 18ஆம் மாதம் முடியக் கெட்டால் மிச்சம் 6 மாதம், அதாவது காற்பங்கு. புதியது வாங்கும்போது 6,000 ரூபாதான் கழியும். அட்டையில் 24 மாதம் என்று பெரிதாக இருக்கும், இந்தக் கணக்குச் சின்ன எழுத்தில் இருக்கும்.

இரண்டு, வாடகைக்கு அல்லது தொழிலுக்கு ஓடும் வாகனத்துக்கு எத்தனை மாதம்? பல அட்டைகளில் இதற்குக் காலம் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. உண்மையைச் சொல்லி, வரும் பதிலை அட்டையிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்று, எதனால் உத்தரவாதம் இல்லாமல் போகும்? வெடிப்பு, தீ, மூடியைத் திறந்தது, வீட்டு மின்சாரத்துக்குப் பாவித்தது, பிழையான அளவு, வாகனத்தின் சார்ஜ் தொகுதி பழுது என்பவை வழமையாக இருக்கும்.

நான்கு, மாற்றித் தந்தால் புதியதுக்குப் புதிதாக உத்தரவாதமா, பழையதின் மிச்சக் காலம்தானா? பெரும்பாலும் மிச்சக் காலம்தான்.

ஐந்து, பரிசோதிக்கும் நாட்களில் வேறொரு பற்றறி இரவல் தருவீர்களா? பார்சல் போகாத ஒரு கிழமைதான் எங்கள் சகோதரிக்குப் பற்றறியின் விலையைவிடக் கூடிய நட்டம்.

பணம் கொடுத்ததும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அட்டையில் திகதி, பற்றறியின் தொடர் இலக்கம், வாகன இலக்கம், கடை முத்திரை நான்கும் இருக்க வேண்டும். தொடர் இலக்கம் பற்றறியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மை அழிந்துபோன பற்றுச்சீட்டால் உரிமை இழந்தவர்கள் பலர்.

கடை மறுத்தால்

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். சகோதரி முதலில் தன் அட்டையை எடுத்து வாசிக்க வேண்டும். தொழில் வாகனத்துக்கு இல்லை என்று அதில் எழுதியிருந்தால் கடைக்காரரின் பேச்சுக்கு ஓரளவு இடமுண்டு. எழுதியில்லாவிட்டால் வாயால் சொல்லி மறுக்க முடியாது. சொந்தக் காரில் சொந்தச் சமையலைக் கொண்டுபோவது "வாடகை ஓட்டம்" அல்ல என்றும் வாதாடலாம். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும். எழுத்தில் கேட்டவுடனேயே பேச்சு மாறும் கடைகளும் உண்டு. அடுத்தபடி, அட்டையில் உள்ள கம்பனியின் முகவரிக்கு நேரடியாக எழுதலாம். கடை வேறு, கம்பனி வேறு.

கடிதம் இப்படிச் சிறியதாக இருந்தால் போதும்:

"நான் இந்தத் திகதியில் இந்தக் கடையில் இந்தத் தொடர் இலக்கமுடைய பற்றறியை வாங்கினேன். உத்தரவாதம் இத்தனை மாதம். இந்தத் திகதியிலிருந்து சார்ஜ் நிற்கவில்லை. வாகனத்தின் சார்ஜ் தொகுதி இந்தத் திகதியில் பரிசோதிக்கப்பட்டுச் சரியாக உள்ளது. கடைக்குக் கொண்டு சென்றபோது இந்தக் காரணம் சொல்லி மறுக்கப்பட்டது. பரிசோதித்து, உத்தரவாதப்படி மாற்றித் தருமாறு அல்லது மறுப்பின் காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பற்றுச்சீட்டு, அட்டை ஆகியவற்றின் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன."

பதிவுத் தபாலில் அனுப்பி ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருள் பற்றி அதிகார சபை விசாரிக்கலாம் என்கிறது. விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பவோ உத்தரவிடலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. மாவட்டச் செயலகத்தில் விசாரித்தால் உங்கள் மாவட்ட அலுவலரிடம் வழிகாட்டுவார்கள்.

ஒரு விடயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பிரிவின்படி எழுத்து மூல முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். ஆகவே வாங்கிய முதல் மூன்று மாதமும் கூடுதல் கவனமாக அளந்து பாருங்கள். சின்னச் சந்தேகம் வந்தாலும் "பிறகு பார்ப்போம்" என்று விடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். எங்கள் சகோதரிக்கு 14 மாதமாகிவிட்டதால் இந்த வழியில் காலக்கேள்வி எழும். ஆனாலும் அவருக்கு வழி அடைபடவில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்கு அவர் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இரு பக்கத்தையும் கூப்பிட்டு இணக்கத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். பாதி விலை கிடைத்தாலும் சங்கக் கடனில் பாதி குறையும். கிராம அலுவலரிடம் கேட்டால் சபை கூடும் இடமும் நாளும் சொல்வார்.

இப்படியான இடங்களுக்குத் தனியே போகத் தயங்கினால் சங்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காணாமற்போனவர்களுக்காகவும் காணிக்காகவும் எத்தனையோ அலுவலகப் படி ஏறிய நாங்கள், ஒரு பற்றறிக்காகவும் ஏறலாம்.

உயிருக்கு ஆபத்தானவை

சார்ஜ் ஏறும்போது பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு வரும். ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். அருகில் விளக்கு, நெருப்புக்குச்சி, அடுப்பு வேண்டாம். காற்றோட்டம் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவுங்கள். கண் என்றால் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொரு வாகனத்திலிருந்து வயர் கொடுத்து ஸ்ரார்ட் எடுக்கும்போது ஒழுங்கு இதுதான்: சிவப்பு வயரை முதலில் செத்த பற்றறியின் நேர் முனையில், மறுநுனியை நல்ல பற்றறியின் நேர் முனையில். கறுப்பு வயரை நல்ல பற்றறியின் மறை முனையில், அதன் மறுநுனியைச் செத்த வாகனத்தின் எஞ்சின் இரும்பில். பற்றறியில் அல்ல. கழற்றுவது எதிர் ஒழுங்கில்.

பழைய பற்றறியை வீட்டில் உடைத்து ஈயம் எடுக்கவோ உருக்கவோ விடாதீர்கள். ஈயத் தூசும் புகையும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், மண்ணிலும் கிணற்றிலும் தங்கிவிடும். பழைய இரும்பு பொறுக்கி விற்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கடையில் கொடுத்துக் கழிவு வாங்குவதே பாதுகாப்பு.

கடைசியாக ஒரு கணக்கு

பற்றறி திடீர்ச் செலவு அல்ல, வருமென்று தெரிந்த செலவு. 24,000 ரூபாப் பற்றறி 12 மாதத்தில் போனால் மாதம் 2,000 ரூபா. 24 மாதம் ஓடினால் மாதம் 1,000. 36 மாதம் ஓடினால் மாதம் 700க்கும் குறைவு. பார்சல் விலை போடும்போது பெற்றோலோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். நாளுக்கு 40 ரூபா ஒரு ரின்னுக்குள் போட்டு வந்தால், இருபது மாதத்தில் புதியதின் விலை கையில் இருக்கும். அடுத்த முறை கடனுக்குப் போகத் தேவையில்லை.

எழுதிய சகோதரிக்கு: மத்தியஸ்த சபைக்குப் போய்வந்து என்ன நடந்தது என்று எழுதுங்கள். மற்றச் சகோதரிகளும் உங்கள் வாகனத்தின் பிரச்சினைகளை எழுதி அனுப்புங்கள். ஓட்டோவின் வருடாந்தப் புகைப் பரிசோதனை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த மாதம் அதைப் பார்ப்போம்.